தற்காப்பில் உடல்மொழி: நடப்பது, பார்ப்பது, நிற்பது, விலகுவது – முழுமையான வழிகாட்டி

தற்காப்பு என்றதும் குத்து, உதை, பிடியை விடுவிக்கும் உத்தி என்றுதான் பலருக்கும் தோன்றும். இவை எல்லாம் கடைசிக் கட்டத்துக்கானவை. அதற்கு முந்தைய சில விநாடிகளில் ஒருவர் உங்களைப் பார்க்கிறார், எடை போடுகிறார், நெருங்குகிறார், பேச்சுக் கொடுக்கிறார். அந்த நேரத்தில் உங்கள் பாதம் எங்கே, கை எங்கே, கண் எங்கே என்பதைப் பொறுத்தே பல சம்பவங்கள் அடிதடிக்குப் போகாமல் அடங்குகின்றன, அல்லது அடி விழும்போது நீங்கள் சமாளிக்கும் நிலையில் இருக்கிறீர்கள்.

உடல்மொழி என்றால் தைரியசாலிபோல் காட்டிக்கொள்வது என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிட வேண்டும். உங்கள் நிலை ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்தாக வேண்டும். எதிரில் இருப்பவருக்கு “இவர் என்னைக் கவனித்துவிட்டார்” என்று தெரிய வேண்டும். அடுத்த நொடியில் நகரவோ, முகத்தைக் காக்கவோ, ஓடவோ உங்கள் உடல் தயாராகவும் இருக்க வேண்டும். முதல் வேலையை மட்டும் செய்யும் நிலை வெறும் தோரணை. லேசாகத் தள்ளினாலே கலைந்துவிடும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். தாக்கப்பட்டவர் எப்படி நடந்தார், எங்கே நின்றார் என்பது தாக்கியவருக்கு ஒருபோதும் சாக்கு ஆகாது. இங்கே சொல்லப்படுபவை வாய்ப்பைக் குறைக்கும் பழக்கங்கள். யாரையும் குறை சொல்வதற்கான அளவுகோல் அல்ல.

எடை போடுபவர் எதைப் பார்க்கிறார்?

1981-இல் பெட்டி கிரேசன், மோரிஸ் ஸ்டைன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்றும் இந்தத் துறையின் அடிப்படை. நியூயார்க் தெருவில் நடந்துபோன 60 பேரை அவர்கள் அறியாமல் படமெடுத்து, முன்பின் தெரியாதவர்களைத் தாக்கிய குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர்களிடம் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொருவரும் திரையில் தெரிந்தது சில விநாடிகள்தான். யார் எளிதான இலக்கு என்று சிறைவாசிகள் மதிப்பிட்டார்கள். பிறகு, அசைவுகளைப் பதிவுசெய்ய நடனக் கலைஞர் ருடால்ஃப் லாபான் வகுத்த முறையைக் கொண்டு, எளிதான இலக்கு என்று மதிப்பிடப்பட்டவர்களின் நடையில் பொதுவாக என்ன இருந்தது என்று அலசினார்கள்.

கிடைத்த விடை, அவர்கள் பயந்த முகத்தோடு இருந்தார்கள் என்பதல்ல. எடுத்து வைக்கும் அடியின் நீளம் அவர்கள் உடலுக்குப் பொருந்தவில்லை. மிக நீளமாகவோ மிகக் குட்டையாகவோ இருந்தது. கால் இயல்பாக வீசி நடக்காமல், பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். கையும் காலும் எதிரெதிராக வீசுவதற்குப் பதிலாக ஒரே பக்கமாக அசைந்தன. மொத்த உடலும் சேர்ந்து நகராமல், கை தனி, கால் தனி என்று பிரிந்து அசைந்தது.

2002-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் இதையே வேறு வழியில் சோதித்தார்கள். நடப்பவரின் உடலில் ஒளிப்புள்ளிகள் மட்டும் தெரியும்படி படமெடுத்தார்கள். முகமோ உடையோ தெரியாமல், புள்ளிகளின் அசைவை வைத்தே பார்வையாளர்களால் மதிப்பிட முடிந்தது. 2013-இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வில், சைக்கோபதி இயல்பு (பிறர்மீது இரக்கமோ குற்ற உணர்வோ இல்லாத தன்மை) கூடுதலாக இருந்த சிறைவாசிகள் தங்கள் மதிப்பீட்டுக்கு நடையைக் காரணமாகச் சொல்வது அதிகமாக இருந்தது.

இந்த ஆய்வுகள் அளந்தது மதிப்பீட்டைத்தான். தெருவில் நடந்த தாக்குதல்களை அல்ல. நடையைத் திருத்திக்கொண்டால் ஆபத்தே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் நடை ஒரு தகவலைச் சொல்கிறது, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை.

படி 1: நடையைச் சரிசெய்தல்

கைபேசியை இடுப்பு உயரத்தில் எங்காவது சாய்த்து வைத்து, சுமார் 20 மீட்டர் தூரத்தை நீங்கள் வழக்கமாக நடக்கும் வேகத்தில் நடந்து படமெடுங்கள். ஒருமுறை முன்பக்கமிருந்து, ஒருமுறை பக்கவாட்டில். பிறகு, நீங்கள் தினமும் சுமக்கும் பையோடு, தினமும் போடும் செருப்போடு இன்னொரு முறை. இந்தக் கடைசிப் பதிவுதான் முக்கியம். வெறுங்கையோடு நன்றாக நடப்பவர்கள்கூட, ஒரு தோளில் கனமான பை ஏறியதும் அந்தப் பக்கக் கையை வீசுவதே இல்லை. தோள் ஒருபுறம் தூக்கிக்கொள்ளும், அடி குறுகும், தலை முன்னால் தொங்கும்.

பதிவை ஒலியில்லாமல் ஓடவிட்டு இவற்றைக் கவனியுங்கள். குதிகால் முதலில் தரையைத் தொட்டு, எடை முன்பாதத்துக்கு உருண்டு போகிறதா? வலது கால் முன்னே போகும்போது இடது கை முன்னே வருகிறதா? தலை ஒரே மட்டத்தில் போகிறதா, ஒவ்வோர் அடிக்கும் குத்துகிறதா? கண் தரையில் இரண்டு மூன்று அடி தூரத்தில் பதிந்திருக்கிறதா, 10–15 மீட்டர் முன்னால் போகிறதா?

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் பார்வையை. பார்வை உயர்ந்தால் கழுத்து நேராகும், கழுத்து நேரானால் தோள் பின்னால் போகும். பாதி வேலை தானே முடிந்துவிடும். அடுத்தது கை வீச்சு. பையைக் குறுக்காக மாட்டுவது, அல்லது இரு தோளிலும் மாட்டும் பைக்கு மாறுவது இதைத் தீர்க்கும். அடியின் நீளத்தைக் கடைசியாகத் தொடுங்கள். வலிந்து நீட்டினால் அது இன்னும் செயற்கையாகத் தெரியும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விறைப்பாக நடப்பது. நெஞ்சு முன்னே தள்ளினால் இடுப்பு வளையும், எடை குதிகாலுக்குப் போகும், தாடை மேலே தூக்கும். குதிகாலில் எடை உள்ளவரால் சட்டென்று திசை மாற்ற முடியாது. போதாததற்கு, அதைச் சவாலாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு.

கைகால்களை விரித்து ‘வெற்றி நிலை’யில் இரண்டு நிமிடம் நின்றால் ஹார்மோனே மாறிவிடும் என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வு உலகெங்கும் பரவியது. 2015-இல் 200 பேரைக் கொண்டு மறுபடி செய்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் தென்படவில்லை. 2016-இல் முதல் ஆய்வின் முதன்மை ஆசிரியரே அந்த விளைவு உண்மை என்று தாம் நம்பவில்லை என்று அறிவித்துவிட்டார். எனவே கண்ணாடிமுன் விரிந்து நிற்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

கைபேசியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் நடந்துகொண்டே பார்க்காதீர்கள். ஒரு சுவரை முதுகுக்கு வைத்து நின்று, கைபேசியை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். அப்போது திரைக்கு மேலே தெரு தெரியும். ஹெட்போன் போட்டாக வேண்டுமானால் ஒரு காதில் மட்டும் போடுங்கள்.

படி 2: பார்வை

ஒருவர் உங்களையே பார்ப்பதாகத் தோன்றினால் இரண்டு தவறுகள் இயல்பாக வரும். ஒன்று, சட்டென்று கண்ணைத் தாழ்த்துவது. மற்றொன்று, முறைப்பது. முதலாவது அடங்கிப்போவதாகப் படும். இரண்டாவது வம்புக்கு இழுப்பதாகப் படும்.

செய்ய வேண்டியது எளிது. அவர் முகத்தை ஒரு விநாடி பாருங்கள். பிறகு கண்ணைக் கீழே இறக்காமல், அதே மட்டத்தில் பக்கவாட்டில் நகர்த்துங்கள். அவரையும் பார்த்தீர்கள், அவருக்குப் பக்கத்தில் இருப்பதையும் பார்த்தீர்கள், அவ்வளவுதான். “உன்னைக் கவனித்துவிட்டேன், ஆனால் உன்னோடு எனக்கு வேலை இல்லை” என்பது அந்த ஒரு விநாடியில் போய்ச் சேர்ந்துவிடும்.

முகத்துக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது கைகள். காயம் கையிலிருந்துதான் வரும். ஒரு கை தொடைக்குப் பின்னால் இருக்கிறதா, சட்டைக்குள் இருக்கிறதா, உள்ளங்கை உங்கள் பக்கம் திரும்பாமலே இருக்கிறதா? ஒரு கையாவது தெரியவில்லை என்றால், மற்ற எதுவும் தெரியாவிட்டாலும், தூரத்தைக் கூட்டுவதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

பேச்சு நீளும்போது கண்ணைக் கண்ணோடு பூட்டிக்கொள்ள வேண்டாம். அவர் கழுத்தெலும்புக்குக் கீழே, மேல்நெஞ்சில் பார்வையைத் தளர்வாக வையுங்கள். பக்கப்பார்வைக்கு நுணுக்கம் தெரியாது, ஆனால் அசைவு நன்றாகப் பிடிபடும். தோள் பின்னால் போவதையும், இடுப்பு திரும்புவதையும், கை இறங்குவதையும் அந்த இடத்திலிருந்தே உணரலாம். கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மறுகையைத் தவறவிடுவீர்கள்.

நாள் முழுவதும் விறைப்பாகக் கண்காணிப்பது யாராலும் முடியாது, தேவையும் இல்லை. இடம் மாறும் நேரங்களில் மட்டும் தலையைத் தூக்கி இரண்டு மூன்று விநாடி சுற்றிப் பாருங்கள்: கதவைத் திறந்து வெளியே வரும்போது, வண்டியிலிருந்து இறங்கும்போது, மாடிப்படி திரும்பும் இடத்தில், ஏ.டி.எம். முன்பு, லிஃப்ட் கதவு திறக்கும்போது. பெரும்பாலும் அங்கே எதுவும் இருக்காது. பார்த்தோம் என்பதே போதும்.

படி 3: நிற்கும் நிலை

முன்பின் தெரியாத ஒருவர் உங்களை நோக்கி வந்து பேசத் தொடங்குகிறார். இங்கேதான் விவரங்கள் முக்கியம்.

பாதங்கள் தோள் அகலத்தில் இருக்கட்டும். பலமான கைப்பக்கக் காலை 30 முதல் 45 செ.மீ. வரை பின்னால் வையுங்கள். வலக்கைக்காரருக்கு அது வலது கால். முன்னால் இருக்கும் பாதத்தின் விரல்கள் அவரை நோக்கி இருக்க வேண்டும். பின்னால் இருக்கும் பாதம் 30–45 பாகை வெளியே திரும்பியிருக்கலாம். முழங்கால் பூட்டிக்கொள்ளக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத அளவு மடங்கினால் போதும். எடை இரு காலிலும் ஏறக்குறைய சமமாக, ஒவ்வொரு பாதத்திலும் குதிகாலைவிட முன்பகுதியில் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். குதிகால் தரையைத் தொட்டிருக்கும், ஆனால் அதில் சாய்ந்து நிற்கவில்லை.

பக்கவாட்டு அகலத்தை விட்டுவிடுவது பயிற்சியில் மிகுதியாகப் பார்க்கும் பிழை. ஒரு காலைப் பின்னால் வைக்கச் சொன்னதும், இரண்டு பாதமும் ஒரே கோட்டில் வந்துவிடும். படத்தில் கம்பீரமாகத் தெரியும். ஆனால் தோளில் பக்கவாட்டாக ஒரு விரலால் தள்ளினாலே ஆள் சாய்ந்துவிடுவார்.

இதற்குக் காரணம் இருக்கிறது. நிற்கும்போது உடலின் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அங்கிருந்து நேர்கீழே விழும் கோடு இரு பாதங்களும் அடைக்கும் பரப்புக்குள் இருக்கும்வரை விழமாட்டீர்கள். இரு பாதங்களையும் இணைத்து ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டின் திசையில் நீங்கள் பலமானவர்; அதற்குக் குறுக்கான திசையில் பலவீனமானவர். எப்படி நின்றாலும் இந்தப் பலவீனமான திசை ஒன்று இருந்தே தீரும். 1882-இல் ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ, எதிராளியை வீழ்த்துவதற்கு முன் அவர் நிலையைக் குலைப்பதையே முதல் படியாக வகுத்தது இதனால்தான். ஆகவே அசையாமல் நிற்கும் நிலையைத் தேடாதீர்கள். தள்ளினால் உடனே ஓர் அடி எடுத்து வைக்க முடிகிற நிலையே நல்ல நிலை.

அடுத்தது கைகள். இரண்டு கையும் இடுப்புக்கு மேலே, விரிந்த உள்ளங்கையோடு, நெஞ்சுக்கு முன்னால் வரட்டும். முழங்கைகள் விலாவிலிருந்து ஒரு முஷ்டி தூரம். முன்கையின் (முன்னால் இருக்கும் கையின்) விரல்நுனி உங்கள் கழுத்தெலும்பு உயரத்தில், உடலிலிருந்து 30–40 செ.மீ. முன்னால். பின்கை அதற்குச் சற்று உள்ளே, சற்றுக் கீழே. பேசும்போது நாம் எல்லோரும் கையை அசைப்பதுபோல மெதுவாக அசைத்துக்கொண்டே இருங்கள். சமாதானம் பேசுபவர்போலத் தெரிய வேண்டும்.

ஒன்றைப் பார்த்து உடல் எதிர்வினை காட்டத் தொடங்கவே ஏறக்குறைய கால் விநாடி ஆகிவிடும். கைக்கெட்டும் தூரத்திலிருந்து வரும் குத்தும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். தொடைப் பக்கம் தொங்கும் கை அதற்குப் பிறகு மேலே ஏறி முகத்தைக் காக்க நேரம் இருக்காது. ஏற்கெனவே மேலே இருக்கும் கைக்கு ஒரு சாண் நகர்ந்தால் போதும். பிரிட்டனின் தற்காப்புப் பயிற்சியாளர் ஜெஃப் தாம்சன் இந்தக் கைநிலையை ‘வேலி’ என்ற பெயரில் பரப்பினார். உங்கள் முன்கை ஒரு எல்லைக் கோடு. அவர் நெஞ்சு அதைத் தொட வந்தால், கண் தவறவிட்டாலும் கை உணர்த்திவிடும்.

முஷ்டி மடக்க வேண்டாம். மடக்கிய கை சண்டைக்கு அழைப்பு. பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் கண்காணிப்புக் கேமராவுக்கும் விரிந்த கை, பின்வாங்கும் கால், “தூரமா நில்லுங்க” என்ற குரல் மூன்றும் சேர்ந்து தெரிந்தால், யார் வம்புக்குப் போனார் என்பதில் குழப்பம் இருக்காது. கையைக் கட்டி நிற்பது, பாக்கெட்டில் விடுவது, முதுகுக்குப் பின் கோத்துக்கொள்வது மூன்றையும் தவிர்க்கவும். கட்டிய கையை அவிழ்க்கவே நேரம் போய்விடும்.

தாடையை ஒரு விரல் அளவு உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். தோள் கீழே இறங்கியிருக்கட்டும். பயத்தில் அது காதுப் பக்கம் ஏறும். மூச்சு விட்டால் தானே இறங்கும்.

படி 4: தூரம்

மானுடவியலாளர் எட்வர்டு ஹால் 1966-இல் வகுத்த அளவுகளின்படி, ஏறக்குறைய 45 செ.மீ. வரை நெருக்கமானவர்களுக்கான இடம், 1.2 மீட்டர் வரை பழகியவர்களுக்கான இடம். அதற்கு அப்பால் பொதுப்பழக்கத்துக்கான இடம். அவர் கவனித்தது அமெரிக்கர்களை. சமூகத்துக்குச் சமூகம் இது மாறும். தற்காப்புக்கு வேறு அளவு வேண்டும்: ஓர் அடி எடுத்து வைக்காமல் அவரால் உங்களைத் தொட முடியாத தூரம். இது ஏறக்குறைய இரண்டு கை நீளம், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, அவர் முகத்தைப் பார்த்தபடியே அவருடைய கைகளும் பாதங்களும் பார்வைக்குள் அடங்குகின்றனவா என்பதுதான். பாதம் தெரியவில்லை என்றால் மிக அருகில் இருக்கிறார்.

இந்தத் தூரமும் பாதுகாப்பு அல்ல, கொஞ்சம் அவகாசம் மட்டுமே. சால்ட் லேக் சிட்டி காவல்துறையின் பயிற்சியாளர் டென்னிஸ் டியூலர் 1983-இல் எழுதிய கட்டுரையில், ஒரு சராசரி மனிதர் 21 அடியை (சுமார் 6.4 மீட்டர்) ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவார் என்று காட்டினார். கத்தி கண்ணில் பட்டுவிட்டால் இரண்டு மீட்டர் என்பது ஒன்றுமே இல்லை. அங்கே நின்று பேசுவதற்கு இடமில்லை. ஓடுங்கள், அல்லது நடுவில் ஒரு காரையோ மேசையையோ கொண்டுவாருங்கள்.

நேர் பின்னால் போகாதீர்கள். முன்னால் வருபவரின் வேகம் பின்னால் போகிறவரைவிட எப்போதும் அதிகம், உங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. மூலைவிட்டமாக, பக்கவாட்டில் வளைந்து நகருங்கள். எந்தத் திசையில் போகிறீர்களோ அந்தப் பக்கக் கால் முதலில் போகட்டும், மற்றக் கால் பின்தொடரட்டும். வலப்பக்கம் போக இடது காலை முதலில் எடுத்தால் கால்கள் குறுக்கே பின்னிக்கொள்ளும். அந்த நொடியில் தள்ளினால் விழுவது உறுதி.

நகரும்போதே இரண்டு விஷயங்களைச் சரிசெய்யலாம். அவர் உங்களுக்கும் வாசலுக்கும் நடுவில் நிற்கிறார் என்றால் வளைந்து வந்து வாசலை உங்கள் பக்கம் ஆக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் என்றால், ஒருவர் மற்றவருக்குப் பின்னால் வரும்படி நீங்கள் நகருங்கள். ஒருவர் கேள்வி கேட்டு உங்கள் கவனத்தை இழுக்கும்போது, இன்னொருவர் பக்கவாட்டிலோ பின்னாலோ வருவது பழைய உத்தி. எனவே யாராவது தனியாக வந்து பேச்சுக் கொடுத்தால், பதில் சொல்வதற்கு முன் ஒருமுறை தோளுக்குப் பின்னால் பாருங்கள்.

“மணி என்ன?” என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது வெறும் கேள்விதான். ஆனாலும் குனிந்து கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஒரு சிறு அடி பக்கவாட்டில் வைத்து, கடிகாரம் கட்டிய கையை உங்கள் கண் உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். கடிகாரத்துக்கு மேலே அவர் தெரிவார், கையும் ஏற்கெனவே மேலே இருக்கும். நேர்மையாகக் கேட்டவருக்கு இதில் எந்த வித்தியாசமும் தெரியாது. சந்தேகமாக இருந்தால் நிற்கவே வேண்டாம். “தெரியலைங்க” என்று சொல்லிவிட்டு நடையை விடாமல் போய்விடலாம்.

படி 5: குரலும் உடலும் ஒன்றாக

“வேண்டாம்” என்று சொல்லும்போது முகம் சிரித்தால், கேட்பவர் சிரிப்பைத்தான் எடுத்துக்கொள்வார். சங்கடத்தில் சிரிப்பு வருவது பலருக்கு ஊறிப்போன பழக்கம். அதை உடைக்கப் பயிற்சி தேவை. சொல்லும் முன் மூச்சை விடுங்கள். மூச்சை இழுத்துக்கொண்டே பேசினால் குரல் கீச்சிடும். வாக்கியத்தின் முடிவில் குரல் இறங்க வேண்டும். ஏறினால் கேள்வியாகிவிடும்.

முதல் முறை சாதாரணக் குரலில், மரியாதையோடு: “அங்கேயே நின்னு பேசுங்க.” கேட்கவில்லை என்றால் உரத்து, சுருக்கமாக: “நில்லுங்க.” அதற்கும் மேல் வந்தால், சுற்றியிருப்பவர்களுக்கும் கேட்கும்படி: “கிட்ட வராதே! எனக்கு உன்னைத் தெரியாது!” இந்தக் கடைசி வரி அவசியம். கணவன் மனைவி தகராறு, நண்பர்கள் சண்டை என்று நினைத்து மற்றவர்கள் ஒதுங்கிப்போவதை அது தடுக்கும். ‘ங்க’விலிருந்து ‘நீ’க்கு நீங்கள் இறங்குவதே ஓர் எச்சரிக்கை மணி, அதை முதல் வாக்கியத்திலேயே செலவழித்துவிடாதீர்கள். ‘டேய்’ என்று தொடங்கினால், பின்வாங்க நினைத்தவரும் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு நின்றுவிடுவார்.

படி 6: அவர் உடலைப் படித்தல்

அடிக்கப்போகிற உடல் பெரும்பாலும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். தொடக்கத்தில் தெரிபவை: முன்னும் பின்னும் உலாத்துவது, முஷ்டி மடக்கி விரிப்பது, கீழ்த்தாடை இறுகுவது, அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது, முகத்தையோ பிடரியையோ தேய்த்துக்கொண்டே இருப்பது. இவை கோபத்தின் அடையாளங்கள். இந்தக் கட்டத்தில் பேசித் தணிக்க இன்னும் இடம் உண்டு.

அடுத்த கட்டம் வேறு. உரக்கக் கத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகிறார். உங்கள் பேச்சுக்குப் பதில் வருவதில்லை. கண் உங்களை விட்டு விலகி, சுற்றிலும் யார் பார்க்கிறார்கள் என்று தேடுகிறது, அல்லது உங்கள் தாடையிலோ பையிலோ ஒரு கணம் பதிந்து மீள்கிறது. ஒரு கால் பின்னால் போகிறது, தோள் திரும்புகிறது, தாடை தாழ்கிறது. ஒரு கை இடுப்புப் பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. கத்தலைவிட அந்தத் திடீர் அமைதி ஆபத்தானது. ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பிடரியைத் தேய்ப்பவர் எல்லாம் அடிக்க வருபவர் அல்லர். இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால், அதுவும் தூரம் குறைந்துகொண்டே வந்தால், வாக்குவாதத்தை அந்த இடத்தில் விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் சரி.

நிமிர்ந்து நிற்கக் கூடாத இடங்கள்

எல்லா இடத்திலும் ஒரே உடல்மொழி பொருந்தாது. ஆயுதத்தைக் காட்டிப் பணமோ கைபேசியோ கேட்டால் கொடுத்துவிடுங்கள். அங்கே உங்கள் உடல் சொல்ல வேண்டியது “எதிர்க்கமாட்டேன்” என்பது. உள்ளங்கை தெரியும்படி கைகள் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். எந்த அசைவையும் செய்யும் முன் வாயால் சொல்லுங்கள்: “பர்ஸ் பின் பாக்கெட்டில் இருக்கு, எடுக்கிறேன்.” முகத்தை முறைத்துப் பார்க்க வேண்டாம். பொருளைக் கொடுத்ததும் வளைந்து விலகுங்கள். பொருளை வாங்கிய பிறகும் “கூட வா”, “வண்டியில் ஏறு” என்றால் நிலைமை அடியோடு மாறிவிட்டது. தனிமையான இடத்துக்குப் போன பிறகு தப்பும் வாய்ப்பு குறையும். ஓடவும் கத்தவும் வேண்டிய நேரம் அது.

போதையில் இருப்பவரிடமோ மனக்கொந்தளிப்பில் இருப்பவரிடமோ நேருக்கு நேர் நெஞ்சைக் காட்டி நிற்காதீர்கள். உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, தூரத்தைக் கூட்டி, குரலைத் தாழ்த்துங்கள்.

நடையில் வேறுபாடு உள்ளவர்கள், ஊன்றுகோல் அல்லது சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்கள் அடியின் நீளம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பார்வையும் குரலும் தூரமும் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும். நாற்காலியைச் சுவர் மூலையில் நுழைக்காமல், திருப்பிக்கொண்டு போக இடம் விட்டு நிறுத்துவது பழக்கமாகட்டும். உட்கார்ந்திருக்கும் எவருக்கும் ஒரு குறிப்பு: எழ வேண்டும் என்றால் முகத்தை முன்னே நீட்டி எழாதீர்கள். ஒரு பாதத்தை நாற்காலிக்கு அடியில் இழுத்து, ஒரு கையை முகத்துக்கு முன் வைத்து, பக்கவாட்டில் எழுங்கள்.

தெரிந்தவரிடமிருந்து வரும்போது

பாலியல் வன்முறையில் பெரும்பகுதி தெரிந்தவர்களால் நடப்பது. அங்கே தெருவில் கற்ற எச்சரிக்கை எதுவும் ஒலிக்காது. தூரம் ஏற்கெனவே குறைவு, சங்கடப்படுத்தக் கூடாது என்ற எண்ணமும் கட்டிப்போடும். கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாண்டு மாணவிகளைக் கொண்டு நடந்து, 2015-இல் வெளியான ஆய்வு இதில் நம்பிக்கை தருகிறது. 12 மணி நேரப் பயிற்சியில் ஆபத்தை மதிப்பிடுவது, தெரிந்தவரிடமே அதை ஒப்புக்கொள்வதில் உள்ள தயக்கத்தைக் கடப்பது, சொல்லாலும் உடலாலும் எதிர்ப்பது எல்லாம் கற்பிக்கப்பட்டன. ஓராண்டுக்குள் முழுமையான வன்புணர்வுக்கு உள்ளானவர்கள் பயிற்சி பெற்றோரில் 5.2 சதவீதம், பெறாதோரில் 9.8 சதவீதம்.

உடலளவில் இங்கே முதல் செயல் எழுந்து நிற்பது. உட்கார்ந்தபடி வாதாடுவதைவிட எழுந்து, ஓர் அடி வாசல் பக்கம் வைத்து, சிரிக்காமல் ஒரே வாக்கியத்தில் சொல்வது தெளிவாகப் போய்ச் சேரும். காரணம் விளக்கத் தேவையில்லை. விளக்கம் பேரம் பேசக் கதவைத் திறந்துவிடும்.

உடல் உறைந்துபோனால்

அட்ரினலின் ஏறும்போது கை நடுங்கும், பார்வை குறுகும், வாய் உலரும், சாவியைத் துளையில் நுழைப்பது போன்ற நுண்வேலைகள் கைகூடாது. இவை கோழைத்தனத்தின் அடையாளம் அல்ல. உடல் முற்றிலும் அசையாமல் போவதும் உண்டு. வன்புணர்வுக்குப் பின் உதவி நாடிய 298 பெண்களிடம் சுவீடனில் செய்யப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், 70 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க அளவு உறைநிலையை அனுபவித்ததாகத் தெரிந்தது. ஏன் எதிர்க்கவில்லை, ஏன் கத்தவில்லை என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உறைவதை உடைக்கும் உத்தரவாதமான வழி இல்லை, உதவக்கூடியவை உண்டு. வாய்வழியே நீளமாக மூச்சை விடுங்கள். கால்விரலை அசையுங்கள். ஒரே ஒரு சொல்லை, “இல்லை” என்றோ “நில்” என்றோ, வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு சிறு அசைவு நடந்துவிட்டால் அடுத்தது எளிதாகும்.

பயிற்சி

முதல் வாரம் நடையும் பார்வையும் மட்டும். தனியாகச் செய்யலாம், தனி நேரமே தேவையில்லை. இரண்டாம் வாரம் முதல் ஒரு துணை வேண்டும். படி 3-இல் சொன்ன நிலையில் நில்லுங்கள். துணைவர் முன், பின், இரு பக்கம், நான்கு மூலை என எட்டுத் திசையிலிருந்தும் திறந்த கையால் தோளில் மெதுவாகத் தள்ளட்டும். எதிர்த்து நிற்காமல் ஓர் அடி வைத்து அதே நிலைக்குத் திரும்புங்கள். திரும்பியதும் கீழே பார்த்துப் பாதங்களின் அகலத்தைச் சோதியுங்கள், குறுகியிருக்கும்.

மூன்றாம் வாரம், துணைவர் 5 மீட்டர் தூரத்திலிருந்து ஏதாவது கேட்டபடி நடந்து வரட்டும். இரண்டு கை நீளத்துக்குள் வரும் முன்பே உங்கள் கை மேலே, கால் மூலைவிட்டத்தில், வாயில் “அங்கேயே நில்லுங்க”. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வர வேண்டும். தொடக்கத்தில் எல்லோருக்கும் கால் நகர்ந்த பிறகுதான் வாய் திறக்கும். இரு பக்கமும் பத்துப் பத்து முறை. நான்காம் வாரம் இதையே அரை நிமிடம் நின்ற இடத்தில் ஓடிவிட்டு, மூச்சு இரைக்க இரைக்கச் செய்யுங்கள். படபடப்பில் குரல் எப்படி உடைகிறது என்பது அப்போதுதான் தெரியும். பயிற்சியை உடனே நிறுத்துவதற்கான ஒரு சொல்லை முன்பே பேசிவையுங்கள். “நில்லுங்க” அதற்குப் பொருந்தாது, அது பயிற்சிக்குள்ளேயே வருகிறது.

விலகி வந்த பிறகு

வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்துக்கு வந்தபின் சுவரை ஒட்டி உட்காருங்கள். குமட்டல், நடுக்கம், அழுகை எல்லாம் வரலாம். தொடுகை நடந்திருந்தால், வலி இல்லை என்பதை நம்பாதீர்கள். கத்திக்குத்துகூட அந்த நேரத்தில் முஷ்டியால் குத்தியதுபோல மட்டுமே உணரப்படலாம். உள்ளங்கையால் கழுத்து, அக்குள், விலா, வயிறு, முதுகின் கீழ்ப்பகுதி, தொடையின் உட்புறம் என்று ஒவ்வோர் இடமாகத் தடவி, ஒவ்வொரு முறையும் கையை எடுத்து ரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் துணியை மடித்து அந்த இடத்தில் அழுத்திப் பிடித்தபடி ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். பிறகு, யாரிடமும் கதையாகச் சொல்வதற்கு முன், நினைவில் இருப்பதைக் கைபேசியில் ஒலியாகப் பதிந்துவிடுங்கள்: உயரம், குரல், எந்தக் கை, எந்தப் பக்கம் போனார், காலில் என்ன போட்டிருந்தார். சட்டையை ஓடும் வழியிலேயே மாற்றிக்கொள்ளலாம். செருப்பையோ ஷூவையோ மாற்றுபவர்கள் அரிது.